தேடியதும் கிடைப்பது அசல் ஓவியம்தானா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பள்ளிகள் பலவற்றில் ஓவிய ஆசிரியர் இல்லை. அருகில் ஓவியக் கூடமும் இல்லை. கணினியோ கைப்பேசியோ இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ஓவியங்களை நம் பிள்ளைகள் முதலில் பார்க்கப் போவது அந்தத் திரையில்தான். பலருக்கு அது மட்டும்தான் வாய்க்கும். எனவே அந்தப் பார்வை சரியாக அமைய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்தவர் வெர்மீர். அவர் 1660ஆம் ஆண்டு வாக்கில் வரைந்தது, பணிப்பெண் ஒருத்தி பால் ஊற்றும் ஓவியம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியத்தில் அது இருக்கிறது. இணையத்தில் அதன் பிரதிகள் ஆயிரக்கணக்கில் பரவின. பெரும்பாலானவை மஞ்சளடித்துப் போனவை. அவற்றைப் பார்த்துப் பழகியவர்கள், அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான நிற அஞ்சலட்டையையே நம்ப மறுத்தார்கள்! அதன்பின் அருங்காட்சியகமே தெளிவான படத்தை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது.

இதிலிருந்து நமக்கு ஒரு பழக்கம் கிடைக்கிறது. தேடலில் முதலில் வரும் படத்தோடு நின்றுவிடாமல், அந்த ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் இணையதளத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். அங்கே படத்தைப் பெரிதாக்கினால், பணிப்பெண்ணுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் ஓர் ஆணியும் அதன் நிழலும் தெரியும். "சுவரில் என்ன இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்து, படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு. அதில் அளவு இருக்கும். வெர்மீரின் ஓவியம் 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம். அதே அருங்காட்சியகத்தில் உள்ள ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' (1642) ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். கைப்பேசியில் இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரியும். அளவு நாடாவும் சுண்ணக்கட்டியும் கொடுத்து, முதலாவதைக் கரும்பலகையிலும் இரண்டாவதை விளையாட்டுத் திடலிலும் வரையச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் சேர்ந்து நடந்துவிடும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் 2017 முதல் லட்சக்கணக்கான படங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கிறது. அங்கே தமிழ்நாட்டின் சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனி ஒன்று உண்டு. உயரம் 69.5 செ.மீ. "நம் ஊர்ச் சிலை அங்கே எப்படிப் போனது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சமூக அறிவியல் வகுப்பில் அந்தக் கேள்விக்கு இடம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த இலவச அனுமதி பழைய படைப்புகளுக்குத்தான். இன்று வாழும் ஓவியரின் படத்தைப் பள்ளி மலரில் வெளியிட வேண்டுமென்றால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். வகுப்புச் சுவரில் ஒட்டினாலும் ஓவியர் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத படங்களையே பார்த்து வளரும் பிள்ளைக்கு, அதன் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பு இருப்பது தெரியாமலே போகும். தானும் அப்படி ஒருவராக வரலாம் என்ற எண்ணமும் வராது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து வாருங்கள். தலைப்பு, ஓவியர், ஆண்டு, அளவு, இருக்குமிடம் ஆகிய ஐந்தையும் எழுதி வாருங்கள். பகிர்ந்துகொண்டால் எல்லாப் பள்ளிக்கும் பயன்படும்.