மகளின் ஒன்பதாவது பிறந்த நாளில் சில வார்த்தைகள்

(2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கத்தின் குழந்தைகள் தின விழாவில், 'சி' பிளாக்கில் வசிக்கும் ஒரு தாய் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், முன்வரிசையில் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருக்கும் குட்டிகளுக்கும் என் அன்பு. பத்து நிமிடம்தான் பேசுவேன். அதன் பிறகு மாறுவேடப் போட்டி இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

சென்ற வாரம், நவம்பர் 9ஆம் தேதி, எங்கள் மகளுக்கு ஒன்பது வயது நிறைந்தது. அவளுடைய இந்த ஒரு வருடத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறேன். "சொல்லும்மா. ஆனா யாரும் பாவம்னு சொல்ற மாதிரி சொல்லாதே" என்றாள். அந்த நிபந்தனையை மீறாமல் பேசப் பார்க்கிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், அவளுக்கு டைப் 1 நீரிழிவு இருக்கிறது. போன வருடம் எட்டாவது பிறந்த நாள் முடிந்த சில நாட்களில், அவளுடைய வகுப்பு ஆசிரியை எங்களை அழைத்துப் பேசினார். "தண்ணீர் பாட்டில் ஒரு பீரியடிலேயே காலியாகிறது. அடிக்கடி பாத்ரூம் போகக் கேட்கிறாள். யூனிஃபார்ம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள்" என்றார். மறுநாளே பார்த்தோம். சர்க்கரை 438 இருந்தது. அன்று நவம்பர் 21. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, ஒரு பையில் இன்சுலின் பேனா, ஊசிமுனைகள், குளுக்கோமீட்டர், ஸ்டிரிப் எல்லாவற்றோடும் வீடு திரும்பினோம்.

இது பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் போன்றது அல்ல. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. சாக்லேட் அதிகம் சாப்பிட்டதால் வருவதில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்வதும் இல்லை. உடம்பில் சுரக்க வேண்டிய இன்சுலினை வெளியிலிருந்து ஊசி மூலம் கொடுத்தாக வேண்டும், தினமும்.

வீடு திரும்பி ஏறக்குறைய ஒரு வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்துவிட்டது. டிசம்பர் 4ஆம் தேதி நம் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று நாள் மின்சாரம் இல்லை. இரண்டு மாதத்துக்கான இன்சுலின் ஃபிரிட்ஜில் இருந்தது. எங்கள் இருவர் செல்போனிலும் சிக்னல் இல்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் தம்பி ஒருவரின் போனில் மட்டும் சிக்னல் வந்தது. அவர் மொட்டை மாடியில் குடையைப் பிடித்துக்கொள்ள, நான் மருத்துவரிடம் பேசினேன். "30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல் இருந்தால் நான்கு வாரம் கெடாது. ஐஸ் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்துபோன இன்சுலின் எதற்கும் உதவாது" என்றார். நல்ல வேளை, எங்கிருந்தோ சிரமப்பட்டு ஒருவர் கொண்டுவந்திருந்த ஐஸ்கட்டி அதற்குள் பாதி கரைந்திருந்தது! அந்த மூன்று நாளில் எத்தனை பேர் கதவைத் தட்டினீர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

ஜனவரியில் பொங்கல். சர்க்கரைப் பொங்கல் வைக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. அவளுடைய உணவு நிபுணர்தான் தெளிவுபடுத்தினார். எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்கிட்டு, அதற்கேற்ற இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் ஒரு சின்னத் தராசு இருக்கிறது. எங்கள் வீட்டு இட்லி ஒன்றில் ஏறக்குறைய 12 கிராம் என்று வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு இட்லி கொஞ்சம் பெரிது. அதற்குத் தனிக் கணக்கு. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு என்றாலே ஓடியவள், இப்போது தட்டைப் பார்த்தே கூட்டிச் சொல்கிறாள்.

பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்வது நல்லது என்றே படுகிறது. நம் வளாகத்தில் ஒரு குழந்தையின் பிறந்த நாள். விளையாடும் கூட்டத்தில் எல்லாக் குழந்தைகளையும் அழைத்தார்கள், இவளை அழைக்கவில்லை. அந்தத் தாயே பிறகு என்னிடம் வந்து, "எல்லாரும் கேக் சாப்பிடும்போது இவ மட்டும் பார்த்துட்டு நிக்கணுமேன்னுதான் கூப்பிடலை" என்றார். அவர் மனதில் இருந்தது இரக்கம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று மாலை பால்கனியில் நின்று பாட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "கேக் வேண்டாம்னா பரவாயில்லை. மியூசிக்கல் சேர் விளையாடலாம்ல?"

நான் இன்று பேச வந்ததே இதற்காகத்தான். ஊசி அவளுக்குப் பழகிவிட்டது. தனியாக விடப்படுவதுதான் பழகவில்லை. பழகவும் வேண்டாம். அவள் கேக் சாப்பிடலாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும். இப்போது அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் நல்ல சிநேகம். அவர்கள் வீட்டில் முறுக்கு சுட்டால், எத்தனை கிராம் என்று எடைபோட்டுத்தான் கொடுத்தனுப்புகிறார்கள்.

மே மாதம் விருதுநகர்ப் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போனோம். அங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும். என் மாமனார் பெரிய மண்பானையில் ஈரமணல் நிரப்பி, நடுவே சின்னப் பானையை வைத்து, அதற்குள் மூடிய டப்பாவில் இன்சுலினை வைத்தார். மேலே ஈரத்துணி. வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிப்பது பேத்தியின் வேலை. வெளியே அனல் அடித்த நாளிலும் உள்ளே குளுமை. மருந்தோடு அவளுக்கு ஒரு சினேகம் வந்தது அந்தப் பானையால்தான் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து திரும்பிய பிறகு ஜூலையில் ஒருநாள், "நானே போட்டுக்கிறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் அளவை மட்டும் சரிபார்த்தேன். வயிற்றில் குத்தி, பத்து எண்ணி, எடுத்துவிட்டு, "முடிஞ்சுது" என்றாள். நானும் என் கணவரும் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

ஆகஸ்டில் நம் பூங்காவில் நடந்தது சிலருக்குத் தெரியும். விளையாடிக்கொண்டிருந்தவள் சீசா மேல் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். 'ஏ' பிளாக்கைச் சேர்ந்த பதினோரு வயதுப் பையன் அதைக் கவனித்து, அவள் இடுப்புப் பையிலிருந்த குளுக்கோஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டி அண்ணனை எங்கள் வீட்டுக்கு ஓடச் சொல்லியிருக்கிறான். நான் வந்து பார்த்தபோது சர்க்கரை 58. பதினைந்து நிமிடம் கழித்து 92. "எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "ஆன்ட்டி, அவுட்டுன்னு சொல்லியும் சண்டை போடலை. அதான் சந்தேகம் வந்துச்சு" என்றான். அவளே தன் நண்பர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாளாம்.

இன்னொரு விஷயம். நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். அதே நாள்தான் உலக நீரிழிவு தினமும். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பான்டிங் 1891இல் பிறந்த நாள் அது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் செலுத்தினார்கள். அவன் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தக் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கதையை மகளிடம் சொன்னபோது, "அந்த அண்ணன் பயந்திருப்பான்ல, முதல் ஆளா இருக்க?" என்று கேட்டாள்.

உங்களிடம் நான் கேட்பது நான்கே விஷயங்கள்.

ஒன்று, அவளை எல்லாவற்றுக்கும் அழையுங்கள். சாப்பாட்டுக் கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டு, அவளுக்குத் திடீரென வியர்த்தாலோ, கை நடுங்கினாலோ, சோர்ந்து உட்கார்ந்தாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், தனியாக விடாதீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். காவலர் அறையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கும்படி சங்கம் ஏற்பாடு செய்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மூன்று, பாகற்காய்ச் சாறு, கஷாயம் என்று அன்போடு சொல்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் எதைச் சாப்பிட்டாலும் இவளுக்கு இன்சுலினை நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். தயவுசெய்து அவளிடம் "ஊசி சீக்கிரம் நின்னுடும்" என்று சொல்லாதீர்கள். அவள் நம்பிவிடுவாள்.

நான்கு, உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். ஒரு குழந்தை அதிகமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, எடை குறைந்து, சோர்ந்துபோனால், அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது.

வருகிற வியாழக்கிழமையோடு ஒரு வருடம் முடிகிறது. ஒருநாளைக்கு நான்கு ஊசி. "365ஐ நாலால பெருக்கினா 1,460" என்று நான் சொன்னேன். "இல்லம்மா, இது லீப் வருஷம். 1,464" என்று திருத்தினாள். இந்த வருடத்தில் அவள் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். சைக்கிள் கற்றுக்கொண்டாள். முன்பல் இரண்டு முளைத்தன. தோழியோடு மூன்று முறை நிரந்தரமாகச் சண்டை போட்டு, மூன்று முறையும் மறுநாளே சேர்ந்துகொண்டாள். எல்லா எட்டு வயதுக் குழந்தைகளும் செய்வதை அவளும் செய்தாள், கூடவே அந்த 1,464 ஊசிகளையும் போட்டுக்கொண்டாள்.

போட்டிகள் முடிந்ததும் அரங்கின் பின்பக்கம் கேக் வைத்திருக்கிறோம். ஒரு துண்டில் எத்தனை கிராம் என்று அவளே கணக்குப் போட்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.