தாய் ஒன்று, வளர்ப்பு வேறு: கொம்புச்சாவும் எங்கள் தோலும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நாயாற்றில் நடைபெற்ற ஒன்றுகூடலில், சங்கத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு கொம்புச்சா. சீனி போட்ட தேநீரைப் புளிக்கவைத்துக் குடிக்கும் பானம் அது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் எங்கள் பழைய மாணவிகள் சிலருடைய குசினியில் இப்போது அது ஒரு போத்தலில் இருக்கிறது. அவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, ‘தாய்’ எனப்படும் அதன் வழுவழுப்பான தட்டும் பைக்குள் வந்துவிடுகிறது. அளம்பில், செம்மலை, நாயாறு என்று அது கைமாறத் தொடங்கிய பிறகு இரண்டு கேள்விகள் எங்களிடம் வருகின்றன. இதைக் குடித்தால் சீனி வருத்தம் குறையுமா என்பது ஒன்று. மிஞ்சும் தட்டை அரைத்து முகத்தில் பூசலாமா, சவர்க்காரம் செய்து விற்கலாமா என்பது மற்றது. இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

புளிக்கவைத்தல் எங்களுக்குப் புதிதல்ல. இரவில் தண்ணீர் விட்டு வைத்த சோறு காலையில் பழஞ்சோறாகிறது. ஒரு வீட்டுத் தயிர் அடுத்த வீட்டுப் பாலுக்கு உறையாகிறது. அப்பத்துக்குக் கள்ளு விட்டு மாவைப் புளிக்கவைத்தார்கள். பனையில் கட்டும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி கிடைக்கும். பூசாவிட்டால் அதே பாளையின் சாறு கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரம் நுண்ணுயிர்களின் வேலையைத் தடுத்து நிறுத்துகிறது. தென்னங்கள்ளை மேலும் புளிக்கவிட்டால் வினாகிரி. அந்த வினாகிரிச் சாடியின் மேல் சில வேளை படரும் ஆடையும் கொம்புச்சாவின் தட்டும் நெருங்கிய உறவினர்.

போத்தலுக்குள் நடப்பது இதுதான். மதுவங்கள் சீனியை உடைத்து அற்ககோலாக மாற்றுகின்றன. அசற்றிக்கமில பற்றீரியாக்கள் அந்த அற்ககோலை அமிலமாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒருவகை பற்றீரியா செலுலோசு நாரைப் பின்னிக்கொண்டே போகிறது. மேலே மிதக்கும் தட்டு அந்த நார்ப்பாய்தான். அதைச் சிலர் காளான் என்கிறார்கள். அது காளான் அல்ல. பிலிப்பைன்சில் இளநீரிலிருந்து செய்யும் ‘நாட்டா டி கோகோ’ என்ற இனிப்புப் பண்டமும் இதே வகைப் பற்றீரியாவின் கைவேலைதான்.

எங்கள் பிராந்தியத்து ஆய்வாளர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். ஜெயபாலன் குழுவினர், புளிக்கும் நாட்களில் அமிலங்களும் தேயிலைச் சத்துகளும் எப்படி மாறுகின்றன என்பதை அளந்து 2007 இல் வெளியிட்டார்கள். கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகத்தில் மிந்தானி வட்டவன, விதுரங்க வைசுந்தர ஆகியோர் இதன் நன்மைகளையும் ஆபத்துகளையும் ஒருங்கே தொகுத்து 2015 இல் எழுதினார்கள். செவ்விளநீரை இதே தாயால் புளிக்கவைத்தும் ஆராய்ந்தார்கள். ஆகவே இதை அந்நியர்களின் நாகரிகம் என்று ஒதுக்கவும் வேண்டாம், அமுதம் என்று தூக்கிவைக்கவும் வேண்டாம்.

எங்கள் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு உறை கைமாறியபோது அதைப் பேணும் முறையும் கூடவே கைமாறியது. எந்தப் பானையில் ஊற்றுவது, எத்தனை நாள் வைப்பது, எந்த நிறம் வந்தால் கொட்டிவிடுவது என்பதெல்லாம் அம்மம்மாவின் கையில் இருந்தது. இந்தக் கரையில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 இன் இறுதியில் ஊரைவிட்டு எழும்பினார்கள். போர் முடிந்த பின்னரே திரும்பினார்கள். வீட்டுக்கு வீடு போய்த்தான் உயிர்வாழும் ஒரு பொருள் அப்படிப்பட்ட இடைவெளியில் அறுந்துபோகும். அதைப் பார்த்துப் பழகும் வாய்ப்பும் ஒரு தலைமுறைக்கு இல்லாமல் போகும். இப்போது தாய் விமானத்தில் வருகிறது. முறை வரவில்லை.

முறை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மருத்துவ ஏடுகளில் மூன்று சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

முதலாவது ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலம், 1995. வீட்டில் செய்த கொம்புச்சாவைக் குடித்துவந்த இரண்டு பெண்களுக்கு இரத்தம் கடுமையாக அமிலமாகி, அவர்களில் ஒருவர் இறந்தார். கொம்புச்சாதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. அதே தாயிலிருந்து பிரிந்த தட்டை வைத்திருந்த பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது: உடல்நலமுள்ள ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 120 மில்லிலீற்றர் குடிப்பதால் கெடுதி வராமலிருக்கலாம், ஏற்கெனவே நோயுள்ளவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டாவது அவுஸ்திரேலியா, 1998 இல் வெளியான அறிக்கை. ஒரு தம்பதியினர் மெருகு பூசிய பீங்கான் பானையில் மாதக்கணக்காகக் கொம்புச்சா செய்து குடித்தார்கள். அமிலம் அந்த மெருகிலிருந்த ஈயத்தைக் கரைத்தது. இருவருக்கும் ஈய நஞ்சேற்றம்.

மூன்றாவது ஈரான், அதுவும் 1998 இல் வெளியானது. தெகிரானுக்கு அண்மையில் ஒரு கிராமத்தில், வலி குறையுமென்று இந்தத் தட்டைத் தோலில் வைத்த இருபது பேருக்கு அந்த்ராக்ஸ் என்னும் கால்நடை நோய் தோலில் வந்தது. தட்டைப் பேணிய இடம் சுத்தமாக இருக்கவில்லை. தோலில் வைப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் இந்த மூன்றாவது சம்பவத்தை மறக்க வேண்டாம். தட்டு தானாக நோய் தருவதில்லை. கிடைத்ததைச் சுமந்துவந்து தரும்.

தாய் ஒன்றுதான். வளர்ப்புத்தான் வேறு. ஆகவே வளர்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு லீற்றர் குடிதண்ணீரைக் கொதிக்கவையுங்கள். கரையோரக் கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். இரண்டு மூன்று தேக்கரண்டி தேயிலையும் 70 முதல் 80 கிராம் சீனியும் போட்டு, வடித்து, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, முந்திய தடவையின் புளித்த நீரில் 100 மில்லிலீற்றர் சேர்த்து, தட்டை மிதக்கவிடுங்கள். இந்தப் பழைய நீரைச் சேர்க்காமல் விட வேண்டாம். தொடக்கத்திலேயே புளிப்பு இருந்தால்தான் கெட்ட கிருமிகள் தலையெடுக்காது. இலையானும் எறும்பும் போகாதபடி நெருக்கமான வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். குளிர்நாட்டில் பத்துப் பதினான்கு நாள் எடுப்பது எங்கள் வெக்கையில் ஐந்து ஏழு நாளிலேயே புளித்துவிடும். வெளிநாட்டு அக்கா எழுதித் தந்த நாட்கணக்கை இங்கே அப்படியே பின்பற்ற வேண்டாம். அலுமினியம், பித்தளை, மெருகு பூசிய பானை மூன்றும் கூடாது. மேலே பச்சை, கறுப்பு, வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சணம் கண்டால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மற்றதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். நீரையும் தட்டையும் முழுவதுமாகக் கொட்டிவிடுங்கள்.

அற்ககோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடி இறுக்கி வைத்த போத்தலில் அது கூடிக்கொண்டே போகும். 2010 இல் அமெரிக்கக் கடைகளில் சில வகைகள் 0.5 வீத எல்லையைத் தாண்டியதாகச் சந்தேகிக்கப்பட்டு அலுமாரிகளிலிருந்து எடுக்கப்பட்டன. பிள்ளைத்தாய்ச்சிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள், ஈரல் நோயாளர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் ஆகியோருக்கு வீட்டுக் கொம்புச்சா வேண்டாம். சிறுநீரக நோயாளருக்கும் வேண்டாம். வவுனியாவின் சில பகுதிகளிலும் வட மத்திய மாகாணத்திலும் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனி, சீனி வருத்தம். 2023 இல் அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 12 பேரை வைத்து ஒரு சிறு சோதனை வெளியானது. நான்கு வாரம் நாளுக்கு 240 மில்லிலீற்றர் குடித்தபோது வெறுவயிற்றுச் சீனி குறைந்ததாகத் தெரிந்தது. நல்ல செய்திதான், ஆனால் பன்னிரண்டு பேர் என்பது ஒரு வகுப்பறையின் ஒரு வரிசை. அதை நம்பி மெற்ஃபோமினை நிறுத்துவதற்கு அது போதாது. அவர்கள் குடித்தது அளந்து செய்த பானம். எங்கள் போத்தலில் எவ்வளவு சீனி மிஞ்சியிருக்கிறது என்பதை நாக்கு சரியாகச் சொல்லாது. குளிசையை நிறுத்துவதென்றால் கிளினிக்கில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

அடுத்தது தோல். இதைக் கேட்கும் பெண்களின் நியாயத்தை நாங்கள் உணர்கிறோம். கடையில் விற்கும் சில வெண்மையாக்கும் கிறீம்களில் பாதரசம் இருக்கிறது. அது தோல்வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். யப்பானின் மினமாட்டாக் குடாவில் மீன் தின்ற மீனவக் குடும்பங்களைப் பாதரசம் அழித்தது. அந்தப் பெயரைத் தாங்கிய உலக உடன்படிக்கை இத்தகைய கிறீம்களைத் தடைசெய்கிறது. அவற்றுக்குப் பயந்து வீட்டிலுள்ள ஒன்றைத் தேடுவது புத்திதான். ஆனால் இயற்கையானது என்பதால் மட்டும் ஒன்று மென்மையானதாகிவிடாது.

நலமான தோலின் மேற்பரப்பில் பீ.எச். அளவு ஏறக்குறைய 5. நன்கு புளித்த கொம்புச்சாவில் ஏறக்குறைய 3. இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு; இரண்டு படி என்றால் நூறு மடங்கு. அதை முகத்தில் பூசிவிட்டு வெயிலில் கருவாடு புரட்டப் போனால் எரியும், பின்பு கறுக்கும். தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலுக்குப் போனவர்களுக்கு வரும் தழும்பை நாங்கள் பார்த்திருக்கிறோம். கொம்புச்சா சுருக்கத்தைப் போக்கும் என்பதற்குக் காட்டப்படும் சான்றுகள் எலிகளிலும் ஆய்வுகூடத் தட்டுகளிலும் செய்யப்பட்டவை.

“ஆசுப்பத்திரியில் எரிகாயத்துக்கு இதே தட்டைத்தானே ஒட்டுகிறார்கள்” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பற்றீரியா பின்னிய செலுலோசுப் படலத்தை எரிகாயத்துக்குப் பயன்படுத்துவது உண்மை. பிரேசிலில் 1980களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அந்தப் படலத்தைக் காரத்தில் அவித்து, உள்ளிருக்கும் உயிர்களையெல்லாம் கொன்று, கழுவி, கிருமிநீக்கம் செய்து பொதியில் அடைக்கிறார்கள். உங்கள் குசினித் தட்டில் உயிர்கள் அப்படியே இருக்கின்றன. வலை அறுத்த விரலிலும், மீன்முள் குத்திய உள்ளங்கையிலும், நீரிழிவுக்காரரின் கால்புண்ணிலும் அதை வைக்கவே கூடாது. உடலின் மறைவிடங்களைக் கழுவவும் கூடாது. கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுபவர்களுக்காக இதை மேடையில் சொல்கிறோம்.

சவர்க்காரம் செய்ய நினைப்பவர்களுக்கு: கோஸ்டிக் சோடாவில் விழுந்த தாய் உயிரோடு இராது. அமிலமும் இராது. ‘உயிருள்ள கொம்புச்சாச் சவர்க்காரம்’ என்று எழுதி விற்றால் அது பொய்யாகிவிடும். நல்ல தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் என்று எழுதி விற்றால் அது உண்மை. அதற்கு வாங்குவோரும் உண்டு. கோஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வை போகும். பிள்ளைகள் நடமாடும் குசினியில் அந்த வேலை வேண்டாம்.

அப்படியானால் மிஞ்சுவதை என்ன செய்வது? அளவுக்கு மீறிப் புளித்த நீரை அன்றன்றைய சலாட்டுக்கு வினாகிரி போல விடலாம். ஊறுகாய் போட்டு வைக்கவோ மீனைப் பதப்படுத்தவோ அதை நம்ப வேண்டாம். அதன் அமிலத்தின் அளவு தடவைக்குத் தடவை மாறும். பத்து மடங்கு தண்ணீர் கலந்து, கண்ணில் படாமல், தலைமுடியை அலசி உடனே கழுவலாம். தோலில் பார்த்தே ஆகவேண்டுமென்றால் அதே நீர்த்த அளவில், காயமில்லாத முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்திருங்கள். சிவந்தால் அத்துடன் விடுங்கள். மிஞ்சிய தட்டைத் துண்டாக்கிக் குப்பைக் கிடங்கில் போட்டால் மண்ணுக்கு உரமாகும். உப்புக் காற்றிலும் வெயிலிலும் வேலை செய்யும் கைக்கு, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துப் பூசும் தேங்காயெண்ணெயும், முகத்துக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் இதைவிட நன்மை செய்யும். கறுப்பு ஒரு வருத்தமல்ல. அதற்கு மருந்தும் தேவையில்லை. கலியாணப் பேச்சில் இதை மாற்றிச் சொல்பவர்களுக்கு நாங்கள்தான் வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரி எங்களுக்கு வாய் தந்து அனுப்பியது.

வெளிநாட்டிலிருந்து வரும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். தாயைக் கொண்டுவருவதென்றால் அதனுடன் தமிழில் எழுதிய ஒரு துண்டும் கொடுங்கள். கண்ணாடிப் போத்தல் மட்டும், பழைய நீர் சேர்த்தே தொடங்குவது, பூஞ்சணம் கண்டால் முழுவதும் கொட்டுவது, நாளுக்கு அரை ரம்ளர், புண்ணில் வைப்பதில்லை. இந்த ஐந்து வரி போதும். வாங்கும் தங்கை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது அதையும் பார்த்தெழுதிக் கொடுக்கட்டும்.