மோனிகாவின் பேரன்



கேப் டவுனுக்குத் தெற்கே கடலை ஒட்டி சைமன்ஸ் டவுன் என்றொரு துறைமுகம் இருக்கிறது. கிழக்கே போனால் ஸ்டெல்லன்பாஷ் என்ற பழைய நகரம். அதற்குப் பின்னால் சைமன்ஸ்பெர்க் மலை. துறைமுகம், நகரம், மலை மூன்றுக்கும் ஒரே மனிதரின் பெயர்தான்: சைமன் வான் டெர் ஸ்டெல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் 1679இல் நன்னம்பிக்கை முனைக்கு வந்தவர். முதலில் தளபதி, 1691 முதல் ஆளுநர். 1699இல் பதவியை விட்டாலும் ஊரை விடவில்லை. அந்த மண்ணிலேயே 1712 ஜூன் 24ஆம் தேதி இறந்தார். டச்சுக் குடியேற்றத்தைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் புத்தகத்திலும் அவருக்கு ஒரு பெரிய அத்தியாயம் உண்டு.

அந்த ஆளுநரின் தாயைப் பெற்ற பாட்டி ஓர் இந்தியப் பெண். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பெயர் மோனிகா.

இந்த மேடையில் சொல்லவேண்டிய சேதி இதுதான். ஒரு குடியேறியின் குலவரலாற்றைத் தேடுகிறவர்கள் தகப்பன், பாட்டன் என்று பெயரைப் பிடித்துக்கொண்டே ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தேவாலயப் பதிவேடு இருக்கிறது, குடும்ப முத்திரை இருக்கிறது, எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறது. தாய்வழியைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் வேறு கரையில் வந்து இறங்குகிறார்கள். பல சமயம் அது இந்தியக் கரை.

மோனிகாவுக்கும் ஹென்ட்ரிக் லீவன்ஸ் என்ற டச்சுக்காரருக்கும் பிறந்த மகள் மரியா லீவன்ஸ். மரியாவை மணந்தவர் ஆட்ரியான் வான் டெர் ஸ்டெல், கம்பெனி அதிகாரி. 1639இல் அவரை மொரீஷியஸ் தீவுக்குத் தலைவராக அனுப்பினார்கள். தீவை நோக்கிக் கப்பல் போய்க்கொண்டிருக்கும்போதே, அக்டோபர் 14ஆம் தேதி, நடுக்கடலில் சைமன் பிறந்தார். மொரீஷியஸ் காடுகளில் இன்றைக்கும் திரிகிற ஜாவா மான்களை அந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவர் இந்த ஆட்ரியான்தான். கருங்காலி மரம் வெட்ட மடகாஸ்கரிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தவரும் அவரே. அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் மருமகன் அடிமைகளை வாங்குகிறார். அந்தக் காலத்தில் யாருக்கும் இது உறுத்தவில்லை என்பதை நாம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மொரீஷியஸில் பதவிக்காலம் முடிந்ததும் ஆட்ரியானைக் கம்பெனி இலங்கைக்கு அனுப்பியது. அங்கே கண்டி மன்னர் இரண்டாம் ராஜசிங்கனின் படையோடு மோதி 1646இல் அவர் கொல்லப்பட்டார். சைமனுக்கு அப்போது ஏழு வயதுகூட நிறையவில்லை. பிறகு பையன் வளர்ந்தது படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில்.

மோனிகா எந்தத் துறையில் கப்பலேறினார் என்பதற்குக் காகிதம் கிடையாது. ஆனால் அந்தத் தலைமுறையில் கம்பெனி எங்கே, எப்படி மனிதர்களை வாங்கியது என்பதற்குக் காகிதம் உண்டு. கம்பெனியே எழுதிவைத்த காகிதம். 1613இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. துணி வாங்கத்தான் வந்தார்கள். 1620களின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, அதே துறைகளிலிருந்து ஆட்களும் ஏற்றுமதியானார்கள். பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற இடங்களிலிருந்து அந்தப் பஞ்ச காலத்தில் சுமார் 1,900 பேரைக் கப்பலேற்றியதாகக் கணக்கு இருக்கிறது. பிறகு 1640களில் தெற்கே படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. 1646இல் மட்டும் படேவியாவுக்குப் போன அடிமைகள் 2,118 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தெற்குச் சோழமண்டலத்தவர். தொண்டி, அதிராம்பட்டினம், காயல்பட்டினம் எல்லாம் அந்தக் கணக்கில் வருகிற ஊர்ப்பெயர்கள்.

ஆண்டைக் கவனியுங்கள். ஆட்ரியான் இலங்கையில் கொல்லப்பட்ட அதே 1646. அவருடைய மகன் எந்த நகரத்தில் வளரப் போகிறானோ, அந்த நகரத்துக்குத்தான் நம் ஊர்க்காரர்கள் விற்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். தெருவில் அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் சைமன் வளர்ந்திருக்க வேண்டும்.

வாலிப வயதில் அவர் நெதர்லாந்து போனார். 1663இல் யொஹானா யாகொபா சிக்ஸ் என்ற பெண்ணை மணந்தார். சிக்ஸ் குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் பேர்பெற்ற குடும்பம். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். 1679 அக்டோபரில் நன்னம்பிக்கை முனையில் வந்து இறங்கியபோது பிள்ளைகள் கூட வந்தார்கள், மைத்துனி கார்னெலியா வந்தார், மனைவி வரவில்லை. யொஹானா கடைசிவரை கப்பலேறவே இல்லை. கணவர் அங்கே ஊர்களை உண்டாக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஹாலந்தில் தனியாக வாழ்ந்து 1700இல் மறைந்தார்.

வந்த சில வாரங்களிலேயே சைமன் உள்நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். ஓர் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதுவே ஸ்டெல்லன்பாஷ் ஆயிற்று. குடியானவர்களுக்கு நிலம் கொடுத்தார். காடுகள் வேகமாக அழிவதைப் பார்த்து ஓக் மரங்களை நடச் செய்தார். இன்றைக்கும் அந்த நகரத்தை ஓக் மர நகரம் என்றுதான் அழைக்கிறார்கள். 1688இல் பிரான்ஸிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹியூகெனாட் குடும்பங்களைக் குடியமர்த்தியதும் அவர் காலத்தில்தான். இதெல்லாம் சாதனைப் பட்டியலில் வரும். அந்தப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து வாழ்ந்த கோய்கோய் மக்களின் மேய்ச்சல் நிலம் இந்தச் சாதனைகளுக்கு நடுவேதான் பறிபோனது. அதையும் அதே பட்டியலில் எழுதவேண்டும்.

1685ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்தக் குடும்பக் கதையின் மையம் அதுதான்.

அந்த ஆண்டு கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் ஆய்வுக்காக நன்னம்பிக்கை முனைக்கு வந்தார். பெயர் ஹென்ட்ரிக் வான் ரீட். தென்னிந்தியர்களுக்கு அறிமுகமான பெயர். கொச்சியில் தளபதியாக இருந்து, மலையாள நாட்டு வைத்தியர்களின் துணையோடு மலபார் மூலிகைகளைப் பற்றி ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ என்ற பன்னிரண்டு தொகுதி நூலைக் கொண்டுவந்தவர் அவர். பழவேற்காட்டில் இருந்த சோழமண்டலத் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்தவரும் அவரே.

வான் ரீட் அங்கே இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, சைமனுக்கு 891 மோர்கன் நிலம் வழங்கினார். நம் கணக்கில் ஏறக்குறைய 1,900 ஏக்கர். அதுதான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கான்ஸ்டான்ஷியா தோட்டம். செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியன் விரும்பிக் குடித்த திராட்சை மது அங்கிருந்து போனதுதான். இரண்டாவது, ஓர் உத்தரவு போட்டார். ஐரோப்பியர்கள் முழு அடிமை வம்சத்தில் வந்த பெண்களை இனி மணக்கக் கூடாது. கலப்பு வம்சத்துப் பெண்ணென்றால் மணக்கலாம்.

அடிமையாயிருந்த ஓர் இந்தியப் பெண்ணின் பேரனுக்கு அந்தக் குடியேற்றத்தின் மிக நல்ல தோட்டத்தைக் கொடுத்த அதே கை, அப்படிப்பட்ட பாட்டிகள் இனி உருவாகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. சைமனின் பாட்டி காலத்தில் இந்த உத்தரவு ஆசியத் துறைமுகங்களில் அமலில் இருந்திருந்தால், மோனிகாவின் மகளுக்குச் சட்டப்படியான தகப்பனே இருந்திருக்க மாட்டார். அந்த உத்தரவை நடைமுறைப்படுத்தவேண்டிய தளபதி சைமன்தான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

உத்தரவால் மனித உறவுகள் நின்றுவிடவில்லை. கான்ஸ்டான்ஷியா தோட்டமே அதற்குச் சாட்சி. சைமன் இறந்த பிறகு தோட்டத்தைப் பிரித்து விற்றார்கள். மாளிகை இருந்த பகுதி சில ஆண்டுகளில் ஓலோஃப் பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரரிடம் வந்தது. அவர் மனைவி ஆன்னா டி கோனிங். ஆன்னாவின் தாய் யார்? வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆஞ்செலா. நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தைத் தொடங்கிய யான் வான் ரீபேக்கின் வீட்டில் வேலை செய்தவர். 1666இல் விடுதலை பெற்று, கேப் டவுனில் சொந்தமாக மனை வாங்கி, 1669இல் ஒரு குடியானவரை மணந்து, ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர். ஓலோஃப் 1724இல் இறந்ததும் ஆஞ்செலாவின் மகளே கான்ஸ்டான்ஷியாவின் உரிமையாளர் ஆனார். பத்தாண்டுக் காலம் அந்தத் தோட்டம் அவர் கையில் இருந்தது. ஓர் இந்திய அடிமைப் பெண்ணின் பேரன் கட்டிய வீட்டில் இன்னோர் இந்திய அடிமைப் பெண்ணின் மகள் எசமானியாக வாழ்ந்தார்.

எசமானி என்று சொல்லும்போது நாம் பெருமைப்பட்டு நின்றுவிடக் கூடாது. அந்தத் தோட்டத்தில் கொடி கட்டியதும் பழம் பறித்ததும் மற்ற அடிமைகள். 1652 முதல் 1808 வரை நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்றும், அவர்களில் கால்வாசிப் பேர் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் ஆஞ்செலாவைப் போல மேலேறியவர்கள் மிகச் சிலர்.

மேலேறாதவர்களில் ஒருவரைப் பற்றியும் கேளுங்கள். முதலில் அவர் உழைத்த பண்ணையின் கதை. சைமனுக்குப் பின் ஆளுநரானவர் மூத்த மகன் வில்லெம் ஆட்ரியான். ஃபெர்கெலேகன் என்ற இடத்தில் பெரிய பண்ணை அமைத்தார். கம்பெனியின் ஆட்களையும் பொருளையும் தன் பண்ணைக்குப் பயன்படுத்துகிறார், சந்தையைத் தன் கைக்குள் வைத்திருக்கிறார் என்று குடியானவர்கள் கொதித்தார்கள். ஆடம் டாஸ் என்பவர் முன்னின்று ஒரு மனு தயாரித்தார். 63 பேர் கையெழுத்திட்டார்கள். ஆளுநர் டாஸைக் கோட்டையில் அடைத்தார். மனுவோ கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்துவிட்டது. 1707இல் வில்லெமைப் பதவியிலிருந்து நீக்கித் திரும்ப அழைத்தார்கள். ஃபெர்கெலேகன் மாளிகையை இடிக்கவும் பண்ணையைப் பிரித்து விற்கவும் உத்தரவாயிற்று. ஆளுநரை எதிர்த்தவர்களின் எழுத்துகளில் ஊழல் புகாரோடு கலப்பு இரத்தத்தவர்மேல் வெறுப்பும் சேர்ந்தே இருந்தது. நியாயமான புகாருக்குள் நியாயமில்லாத பகை ஒளிந்துகொள்வது அன்றும் நடந்திருக்கிறது.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, அதே ஃபெர்கெலேகனில் அடிமைகள் தங்கியிருந்த கட்டடத்தின் அடித்தளத்தைத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். தரைக்கு அடியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. சவப்பெட்டியில் வைத்துப் புதைத்திருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். பல்லையும் எலும்பையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, சிறுவயதில் அவர் வெப்பமண்டல நாட்டு உணவு உண்டு வளர்ந்தவர் என்று தெரிந்தது. வேறெங்கோ பிறந்து, கடல் கடந்து வந்து, அந்தப் பண்ணையில் உழைத்து முடிந்த உடல். ஆளுநரின் வீட்டுக் கணக்கு, வழக்கு, வாக்குமூலம் அத்தனையும் தாளில் இருக்கின்றன. இந்தப் பெண்ணுக்குப் பல் மட்டும்தான் சாட்சி.

இதெல்லாம் என்றைக்கோ முடிந்த கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1949இல் தென்னாப்பிரிக்க அரசு வெள்ளையரும் மற்றவரும் மணந்துகொள்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. மறு ஆண்டு ஒவ்வொரு குடிமகனையும் இனவாரியாகப் பதிந்தது. அந்தச் சட்டங்களை இயற்றியவர்கள் சைமன் வான் டெர் ஸ்டெல்லைத் தங்கள் தேசத்தின் மூலவர்களில் ஒருவராகக் கொண்டாடியவர்கள். அவர் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் பதிவு அலுவலகத்தில் எந்தக் கட்டத்தில் அவர் பெயரை எழுதியிருப்பார்கள்? 1980களில் ஹான்ஸ் ஹீசே என்ற வரலாற்றாசிரியர் பழைய பதிவேடுகளைப் புரட்டி, பெரிய பெரிய வெள்ளைக் குடும்பங்களின் வேரில் அடிமைப் பெண்கள் இருப்பதைப் பெயர் பெயராக அச்சிட்டபோது நாடே கொந்தளித்தது. 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று அந்தக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிக்கானர்கள் 77 பேரைப் பரிசோதித்தது. சராசரியாக 4.7 விழுக்காடு ஐரோப்பியர் அல்லாத மரபு அவர்களிடம் இருந்தது. அதில் ஒரு பகுதி தெற்காசியாவைச் சேர்ந்தது. பதிவேட்டில் விடுபட்ட பாட்டிகள் பேரப்பிள்ளைகளின் இரத்தத்தில் பதிவாகியிருந்தார்கள்.

இனி நம் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் நெதர்லாந்தில் மட்டும் இல்லை. சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், கொச்சி உள்ளிட்ட இடங்களின் டச்சு ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த தமிழர்கள் மிகக் குறைவு. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் படம் எடுக்கப் போகிறவர்களில் பத்தில் ஒருவர் அந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொண்டால் போதும். கல்லூரி ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள், மாணவர்களும் இருக்கிறீர்கள். எழும்பூருக்குப் போங்கள், அந்தக் கட்டுகளைப் பிரியுங்கள், விற்கப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதி வெளியிடுங்கள்.