பழைய கட்டிலும் புதிய விசிப்பலகையும்
(கிராமத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

நம்மில் அநேகருடைய பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் பழைய கட்டில் ஒன்று கிடக்கிறது. பலகை போயிற்று, சட்டம் ஆடுகிறது என்று அதை விறகாய்ப் பிளக்கிறோம்; அல்லது நிறுத்து விற்றுவிடுகிறோம். பிறகு, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாத முதியோருக்காக ரொக்கம் கொடுத்துப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்குகிறோம். வெயிலில் கிடந்தால் அது சில வருஷங்களில் வெடித்துப்போகிறது. இது சிக்கனமாகுமா?

கட்டில் தேக்கானால் நஷ்டம் இன்னும் அதிகம். நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கானலி துரை தேக்கந் தோட்டம் போடுவித்தார். அங்கே நட்ட மரம் வெட்டுக்கு வரச் சுமார் 50, 60 வருஷம் காத்திருப்பது வழக்கம். ஒரு தலைமுறை வளர்த்ததை ஒரு வேளை அடுப்பில் இடுவது தர்மமன்று.

முதலில் மரத்தைச் சோதியுங்கள். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தீண்டாது. ஆனால் ஓரத்து வெள்ளை மரத்தில் உளுப்பு விழும். ஊசியால் குத்திப் பார்த்து, மாவாக உதிரும் பாகத்தைச் செதுக்கி எறிந்துவிடுங்கள்.

பழைய வர்ணம் பூசியிருந்தால் எச்சரிக்கை அவசியம். அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்று இந்திய அரசாங்கம் விதி செய்தது 2016-ல்தான். ஆகையால் அவ்வர்ணத்தை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். ஈரமாக்கிச் சுரண்டி, கழிவைத் திரட்டி அப்புறப்படுத்துங்கள். அத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இனி வேலைக்கு வருவோம். மூன்றடி அகலமுள்ள ஒற்றைக் கட்டிலை எடுத்துக்கொள்வோம். தலைமாட்டுப் பலகையை வெட்ட வேண்டாம். அதுவே முதுகுச் சாய்வு, அதன் இரு கால்களே பின்கால்கள். அக்கால்களில் நெடுஞ்சட்டங்கள் நுழைந்த துளைகள் இருக்கின்றன அல்லவா? அவை பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திலிருக்கும். மனிதன் வசதியாய் உட்காரும் உயரமும் அதுவே! பழைய ஆசாரி பாதி வேலையை நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்.

கால்மாட்டுப் பலகையை நடுவில் இரண்டாக அறுங்கள். ஒவ்வொரு பாதியும் ஒரு பக்கத்துக் கைப்பிடியாகும். அதிலுள்ள கால் முன்காலாகும். இங்கே பலர் தவறுகிறார்கள். இடப் பாதியை வலப் பக்கத்திலும், வலப் பாதியை இடப் பக்கத்திலும் மாற்றி நிறுத்த வேண்டும். அப்போதுதான் பழைய துளைகள் உட்புறம் நோக்கும். சித்திர வேலையுள்ள முகம் வெளியே தெரியும். மாற்றாமல் நிறுத்தினால் துளைகள் வெளிப்புறம் நோக்கி வீணாகும்.

ஒரு நெடுஞ்சட்டத்தைக் குறுக்கி முன்கால்களின் துளைகளுக்கிடையே மாட்டுங்கள். மற்றொன்றின் இரு முனைகளிலும் பழைய நாக்கு இருக்கும்படி இரு துண்டுகள் வெட்டி, அந்நாக்குகளைப் பின்கால் துளைகளில் இறக்குங்கள். துண்டுகளின் மறு முனைக்குப் புது நாக்குச் செதுக்கி முன்காலில் பொருத்துங்கள். கைப்பிடிப் பலகையின் அறுத்த ஓரத்தைப் பின்காலோடு திருகாணியால் இறுக்குங்கள். பிறகு சட்டங்களின்மேல் பலகை பரப்பினால் விசிப்பலகை ஆயிற்று. இருவர் தாராளமாய் உட்காரலாம்.

செலவைக் குறைக்கிறோமென்று வெறும் ஆணி அடித்து நிறுத்தாதீர்கள். உட்காருகிறவர் பின்னால் சாயும்போதெல்லாம் பொருத்து அசையும். ஆணி தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். ஒருநாள் பாட்டியாரோடு பெஞ்சும் சாயும். துளையில் நாக்கை இறக்கி, குறுக்கே மூங்கில் முளை அடித்தால் அந்த அசைவுக்கு இடமில்லை. இரும்புக் கொக்கி மாட்டிய கட்டிலானால் துளையைப் புதிதாய்க் குடைய வேண்டியதுதான்.

இவ்வேலை தெரிந்த ஆசாரி இன்னும் பல ஊர்களில் இருக்கிறார். வேலைதான் அவரைத் தேடி வருவதில்லை. நாற்காலிக்குக் கொடுக்கும் பணத்தை அவருக்குக் கூலியாகக் கொடுங்கள். பணம் ஊரிலேயே தங்கும், தொழிலும் பிழைக்கும், பாட்டன் படுத்த மரத்தில் பேரன் உட்காருவான்.

இன்று வீடு திரும்பியதும் பரணில் ஒருமுறை பாருங்கள். கோடரியை எடுக்குமுன் ஆசாரியை அழையுங்கள்.