நிலப்படத்தின் முன் நின்று கற்போம்
(போட்டித் தேர்வு மாணவர்க்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

 

நான் பயின்ற பள்ளியில் இந்திய நிலப்படம் ஒன்று கரும்பலகையின் அருகே தொங்கும். கோலெடுத்து அதனைத் தொட்டுக் காட்ட முன்வரிசைப் பிள்ளைகளையே அழைப்பர். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கடைசி வரிசை. அங்கிருந்து ஆறுகளின் பெயர் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே செவியில் விழுந்ததை மனனம் செய்தேன். அம்மனனம் முதல் தேர்விலேயே என்னைக் கைவிட்டது. ஜாம்ஷெட்பூர் எங்குள்ளது என்று கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். எஃகு ஆலை அங்கு அமைந்தது ஏன் என்று வினவியிருந்தனர். அரைப்பக்கம் வெறுமையாகவே நின்றது.

அவ்வினாவையே இன்று எடுத்துக்கொள்வோம். சோட்டா நாகபுரிப் பீடபூமியைப் பாருங்கள். வடக்கே தாமோதர் பள்ளத்தாக்கில் ஜாரியா நிலக்கரி; தெற்கே சிங்பூம், மயூர்பஞ்ச் பகுதிகளில் இரும்புத்தாது; இடையே சுவர்ணரேகையும் கர்க்காயும் கூடுமிடத்தில் ஆலைக்கு வேண்டிய நீர்; கொல்கத்தாத் துறைமுகத்துக்கு இருப்புப்பாதை. தாதும் கரியும் உருக்குகையில் எடை இழக்கும் பொருள்கள். அவற்றை நெடுந்தொலைவு சுமப்பது வீண்செலவு. ஆதலால் 1907இல் தோன்றிய நிறுவனம் அங்கே ஆலையெழுப்பி 1912இல் எஃகு வடித்தது.

ஆயினும் அரசின் கொள்கையும் நிலத்தின் வாழ்வை மாற்றும். 1952இல் சரக்குக் கட்டணச் சமன்பாடு வந்தது. தொலைவு எதுவாயினும் எஃகு ஒரே விலையில் கிடைத்தமையால், சுரங்கத்தை ஒட்டிய பகுதிகளின் அனுகூலம் குன்றியது. 1990களின் தொடக்கம் வரை இந்நிலை நீடித்தது. கனிமம் செழித்த மண்ணில் மக்கள் வறியராயிருப்பது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு விடை, முழுவிடையன்று.

தாமோதர் ஆற்றை நாம் பிறிதொரு காரணத்துக்காகவும் அறிதல் வேண்டும். 1943இல் அது பெருவெள்ளமாய்ப் பாய்ந்து வங்கத்தை அலைக்கழித்தது. அந்நாளில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் ஆகியவற்றை ஒருங்கே தரும் பல்நோக்குத் திட்டம், அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கை முன்மாதிரியாகக் கொண்டு அவர் பொறுப்பிலிருந்த துறையில் உருப்பெற்றது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. திலையா அணை 1953இலும், மைத்தான் 1957இலும், பாஞ்சேத் 1959இலும் எழுந்தன. அண்ணலை அரசியலமைப்பின் பக்கங்களில் மட்டும் தேடுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர். அவ்வணை நீரில் நிலமிழந்த சந்தாலர் குடிகளைப் பற்றியும் உங்கள் விடையில் ஒரு வரி இடம்பெறட்டும். நாம் எழுதாவிடின் வேறு யார் எழுதுவார்?

பிறவற்றை விரைந்து சொல்வேன். ஆரவல்லி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் திசைக்கு இணையாகக் கிடப்பதால் அதனைத் தடுப்பதில்லை. மேற்கு இராஜஸ்தான் வறண்டது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை சிதைந்து கரிசலாயிற்று. கரிசலில் பருத்தி, அப்பருத்தியால் மும்பை ஆலைகள். இவ்வாறு ஒன்றைப் பற்றி மற்றொன்றுக்குச் செல்லுங்கள். நாள்தோறும் வெற்றுத்தாளில் நாட்டின் எல்லையை வரைந்து, ஓர் ஆற்றை அதன் தோற்றுவாய் முதல் கடல் வரை கொண்டு செல்லுங்கள். முதல் வாரத்தில் படம் கோணலாகத்தான் வரும்; எனக்கும் அவ்வாறே வந்தது.

நம் படிப்பகச் சுவரில் நிலப்படம் ஒன்றைக் கையெட்டும் உயரத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். கோல் மேசைமீது உள்ளது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வாருங்கள். தாமோதர் எங்கே தோன்றுகிறது என்று காட்டுங்கள்.