உப்புத் தண்ணீருக்குப் போகும் நம் வீட்டு மீன்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து நின்று, "மீன் வளர்க்கச் சொன்னது நீங்கதானே? செத்துப் போனதுக்கு அபராதம் மட்டும் எங்களுக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லி அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டோம். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. இன்றைக்கு அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறோம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்பக்கக் கிராமம் ஒன்றில் ஒரு அக்கா இருக்கிறார். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சங்கத்தில் 8,000 ரூபாய் உள்கடன் வாங்கி, இரண்டு சிமென்ட் தொட்டி கட்டி, மோலி மீன் விட்டார். பயிற்சி கொடுத்தது நாங்கள்தான்.

மோலி, கப்பி இரண்டும் முட்டையிடாமல் குட்டி போடும் மீன்கள். கப்பி ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். மோலிக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும். ஒரு தடவைக்குப் பத்து இருபதுக்குக் குறையாது, நல்ல தாய் மீன் அதைவிட அதிகமும் போடும். ஆனால் தாயே குட்டியைத் தின்றுவிடும். அதனால் தொட்டியில் வேலம்பாசியை நிறையப் போட்டு வைக்க வேண்டும். குட்டிகள் அதற்குள்ளே ஒளிந்து பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு நல்ல செய்தி. நம் பக்கம் பல ஊரில் போர் தண்ணீர் உவர்ப்பு. வாயில் வைக்க முடியாது, பருப்பு வேகாது என்று திட்டுகிறோமே, அந்தத் தண்ணீர் மோலிக்கு ஒத்துக்கொள்ளும். மெக்சிகோ பக்கத்தில் ஆறு கடலில் கலக்கிற கழிமுகங்களிலும் வாழ்கிற மீன் அது. கொஞ்சம் உப்பு இருந்தால் அதற்குச் சந்தோஷம்தான். குழாய்த் தண்ணீர் என்றால் பிளீச்சிங் பவுடர் வாடை போக ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அக்காவின் தொட்டியில் மீன் நன்றாகப் பெருகியது. மதுரையில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் ஒருவர் வாங்குகிறேன் என்றார். அவர் கடையில் கடல் மீன் தொட்டி இருக்கிறது. கலவா, அஞ்சாளை, சிங்க மீன் போன்ற கடல் மீன்களுக்குச் சிறு மீன்தான் சாப்பாடு. கடலில் இருந்து புதிதாகப் பிடித்து வந்த மீன் பயத்தில் செத்த இரையைத் தொடாது. அசைகிற மீனைப் போட்டால்தான் வாய் திறக்கும். அதற்குத்தான் நம் மோலி.

முதல் தடவை 200 மீன் போனது. கடைக்காரர் பையைப் பிரித்துக் கடல் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். மீன் தொட்டிக்குள் சுழன்று சுழன்று துடித்தது. பெரிய மீன் தின்றது போக மீதி எல்லாம் செத்து மிதந்து தண்ணீரைக் கெடுத்துவிட்டது. பணம் வரவில்லை. தவணை நின்றது. சங்கம் அபராதம் போட்டது. அக்கா கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஏன் செத்தது? மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் என்ன ஆகும்? காலையில் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். துண்டு சுருங்கியிருக்கும். உப்பு வெளியே அதிகமாக இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரை இழுத்துவிடும். நன்னீர் மீனைத் திடீரென்று கடல் தண்ணீரில் விட்டாலும் அதே கதைதான். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் உடம்பில் இருக்கும் நீர் வெளியே போய்விடும்.

ஆனால் மோலியின் உடம்புக்கு மாறத் தெரியும். கடல் தண்ணீரைக் குடித்து, அதிலிருக்கும் அதிக உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளக் கற்றுக்கொள்ளும். அதற்குச் சில நாள் அவகாசம் வேண்டும். நாம் அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. மீன் வளர்க்கக் கற்றுக்கொடுத்த நாங்கள், அது எந்தத் தண்ணீருக்குப் போகிறது என்று கேட்கவே இல்லை. தப்பு எங்களுடையது. அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை. இதை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறோம்.

பிறகு நாங்களும் அக்காவும் விசாரித்துத் தெரிந்துகொண்டு இரண்டாவது தடவை முயன்றோம். அக்காவின் நாத்தனார் கடலோரக் கிராமத்தில் இருக்கிறார். அவர் வீட்டு முற்றத்தில் 100 லிட்டர் தொட்டி வைத்தோம். தினமும் 10 லிட்டர் தண்ணீரை எடுத்துவிட்டு 10 லிட்டர் கடல் தண்ணீர் ஊற்றினோம். பத்து நாளில் 100 லிட்டரும் மாறிவிட்டது என்று கணக்குப் போட்டு அனுப்பினோம். பாதி மீன் செத்தது.

எங்கே தப்பினோம்? ஒரு குண்டானில் பத்து டம்ளர் மோர் இருக்கிறது. ஒரு டம்ளர் எடுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த டம்ளர் எடுக்கும்போது மோர் மட்டுமா வரும்? முன்னால் ஊற்றிய தண்ணீரும் சேர்ந்துதானே வரும். இப்படிப் பத்துத் தடவை செய்தாலும் குண்டானில் மூன்றரை டம்ளர் அளவுக்கு மோர் மிச்சம் இருக்கும். அதே மாதிரி, பத்தாம் நாள் நம் தொட்டியில் கடல் தண்ணீர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். காலேஜில் படித்த எங்களுக்கு இது தோன்றவில்லை. நாத்தனார்தான் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "இது கடல் தண்ணி ருசியே இல்லையே" என்றார்.

மூன்றாவது தடவை பத்து நாள் பத்துப் பத்து லிட்டர் மாற்றினோம். அதற்குப் பிறகு நாலு நாள் 20 லிட்டர் மாற்றினோம். 14 நாளில் கடல் உப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கடைக்காரரிடம் உப்பு அளக்கும் கருவி இருக்கிறது. அவர் அளந்து பார்த்து, மீதி வித்தியாசத்துக்குத் தன் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைத் தண்ணீரில் விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மீனை விட்டார். 200-க்கு 188 மீன் உயிரோடு நின்றது.

செய்ய நினைக்கிறவர்கள் இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

படகு நிற்கும் இடத்தில் தண்ணீர் எடுக்காதீர்கள், டீசல் கலந்திருக்கும். தெளிந்த இடத்தில் எடுத்து, துணியில் வடிகட்டித் தெளிய வையுங்கள். சமையல் உப்பைக் கரைத்துக் கடல் தண்ணீர் செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கடலில் சோடியம் உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம், கால்சியம் எல்லாம் இருக்கிறது. வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அந்த 14 நாளும் தீவனத்தைக் குறைத்துப் போடுங்கள்.

இரையாகப் போகிற மீன்தானே என்று பட்டினி போடாதீர்கள். இது தின்றதுதான் அதைத் தின்கிற மீனுக்கும் போய்ச் சேரும். சுருள்பாசி கலந்த தீவனம், பொடியாக நறுக்கிய இறால், கடல் மீன் துணுக்கு கொடுங்கள். பையில் கட்டுவதற்கு முதல் நாள் மட்டும் தீவனம் வேண்டாம், வழியில் தண்ணீர் கெடாமல் இருக்கும். சீக்கு வந்து மருந்து போட்ட மீனை இரைக்கு விற்கவே கூடாது. குறிப்பாகத் தாமிரம் கலந்த மருந்து கடல் தொட்டியில் இருக்கும் இறால் வகைகளைக் கொன்றுவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று தங்க மீனை இரைக்குச் சேர்க்காதீர்கள். அதையே தொடர்ந்து தின்றால், அதில் இருக்கும் ஒரு பொருள் தின்கிற மீனுக்குப் பி-1 வைட்டமின் சேராமல் செய்துவிடும்.

உப்புத் தொட்டித் தண்ணீரை எங்கே கொட்டுவது என்பது பெரிய கேள்வி. நன்னீர்த் தொட்டிக் கழிவை முருங்கைக்கு ஊற்றலாம், நன்றாக வரும். உப்புத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினால் மண் கெடும், கிணறு கெடும், பக்கத்து வீட்டோடு சண்டை வரும். அதனால்தான் எங்கள் ஆலோசனை இது: உள்பக்கக் குழு குட்டி வளர்க்கட்டும், கடலோரக் குழு உப்புக்குப் பழக்கட்டும். ஒரு குழு தனியாகச் செய்ய முடியாததை இரண்டு குழு சேர்ந்து செய்யத்தானே கூட்டமைப்பு இருக்கிறது?

ஒரு குட்டிகூட ஊருணியிலோ கண்மாயிலோ விழக் கூடாது. தண்ணீர் கொட்டும்போது துணியில் வடிகட்டுங்கள். இந்த மீன் வேகமாகப் பெருகி நம் நாட்டு மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும்.

கடலோரச் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடல் மீன் கடைக்காரர் பழக்கமானதும், "கடல் குதிரை கிடைக்குமா, பவளப்பாறைத் துண்டு கிடைக்குமா" என்று யாராவது கேட்கலாம். ஆசைப்பட்டுவிடாதீர்கள். 2001-இல் இரண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

ஒரு பாட்டி கேட்டார்: "இன்னொண்ணு திங்கறதுக்குன்னே ஒரு உயிரை வளர்க்கறது பாவமில்லையா?" நாட்டுக்கோழி வளர்க்கிற நமக்கு இது புதுசு இல்லை. ஆனால் பாட்டி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரே விழுங்கில் போகிற உயிர் வேறு, உப்பில் துடித்துத் துடித்துச் சாகிற உயிர் வேறு. இரண்டாவது நம் கையால் நடக்கக் கூடாது. 14 நாள் மெனக்கெடுவது லாபத்துக்கு மட்டும் இல்லை.

இப்போது கணக்கு. மாதம் 400 மீன் போகிறது. ஒன்றுக்கு 4 ரூபாய் என்றால் 1,600. தீவனம், பை, ஆக்ஸிஜன், பஸ் லக்கேஜ் எல்லாம் சேர்த்து 500 போனால் மிச்சம் 1,100. இதை அக்காவும் நாத்தனாரும் பங்கு போடுகிறார்கள். குடும்பம் நடத்தும் வருமானம் இது இல்லை. தவணைக்கும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகும். இதைப் பெரிசாகச் சொல்லி உங்களை மயக்க எங்களுக்கு இஷ்டமில்லை.

சந்தையும் சின்னது. கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். விவரம் தெரிந்தவர்கள் புது மீனைச் சில வாரத்தில் உறைந்த இறால், மீன் துண்டுக்குப் பழக்கிவிடுவார்கள். அதுதான் அந்த மீனுக்கும் நல்லது. அதனால் நல்ல நிறமுள்ள மோலியை அழகு மீனாகத் தனியே பிரித்து விற்றுவிடுங்கள், விலையும் அதிகம். நிறம் வராதது மட்டும் இரைக்குப் போகட்டும்.

தொட்டி கட்டுவதற்கு முன்னால் வாங்குகிறவரைப் பாருங்கள். என்ன மீன், எத்தனை, எந்தத் தண்ணீருக்கு, செத்தால் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதலில் ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மில் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் கடன் கேளுங்கள். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் புறக்கடை அலங்கார மீன் வளர்ப்புக்குப் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் வைத்தார்கள். இப்போது என்ன இருக்கிறது என்பதை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் வரும் என்று நம்பி முன்னாலேயே கடன் வாங்கிவிட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த அக்காவின் சங்கத் தீர்மான நோட்டில் "உறுப்பினரின் கவனக்குறைவால் மீன் இறந்தது" என்று எழுதியிருக்கிறது. அந்த வரி உண்மை இல்லை. அதை அடித்துவிட்டு, "பயிற்சியில் சொல்லாமல் விட்டதால்" என்று எழுதச் சொல்லிக் கேட்கிறோம். போட்ட அபராதத்தைத் திருப்பிக் கொடுங்கள். தவணையை ஆறு மாதம் நீட்டிக் கொடுங்கள். அந்தச் சங்கத்தின் ஊக்குநரும் பிரதிநிதியும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாங்களும் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வந்து இதையே சொல்லுகிறோம்.

அக்காவும் இன்றைக்கு வந்திருக்கிறார், பின்வரிசையில். கூட்டம் முடிந்ததும் போய்ப் பேசுங்கள். மீனை உப்புக்கு எப்படிப் பழக்குவது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.