பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுமுன்
(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. நம் வீடுகளில் உள்ள பல பழைய லேப்டாப்புகள் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. போன மாதம் நம் பிளாக்கிலேயே இரண்டு லேப்டாப் பழைய சாமான்காரர் வண்டியில் ஏறின. எனக்குச் சொந்த ஊர் கவுஞ்சி. கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூர் பக்கம், பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். அங்கே கல்லூரிக்குப் போகிற ஒரு பிள்ளைக்கு அந்த லேப்டாப் பெரிய விஷயம்.

4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட் நன்றாகவே ஓடும். அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இன்னும் இலகு. பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்; நிறுவச் சொல்லாதவரை உங்கள் ஹார்டு டிஸ்க்கில் கைவைக்காது. கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். நிறுவுவதானால் முதலில் போட்டோக்களை வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் மாற வேண்டாம், அது விண்டோஸுக்கானது.

"யார் சொல்லித் தருவார்கள்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். தமிழிலேயே இருக்கிறது. கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதி வருகிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் க்னு/லினக்ஸ்' மின்னூலாக இலவசம். படிப்பதைவிடப் பார்ப்பது பிடிக்குமென்றால் மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்கள். ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம், பலவற்றுக்குத் தமிழ்க் குரல் உண்டு. பார்த்துக்கொண்டே நீங்களும் செய்து பழகும்படி அமைத்திருக்கிறார்கள். நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆங்கிலம் தடையில்லை என்றால் வில்லியம் ஷாட்ஸின் 'த லினக்ஸ் கமாண்ட் லைன்' பிடிஎஃப் இலவசம். ஆனால் முதல் வாரத்திலேயே அதைத் திறக்காதீர்கள், பயந்துவிடுவீர்கள்.

மலையில் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். அதனால் ஊருக்கு அனுப்பும் லேப்டாப்பில் இந்த நூல்களையும் வீடியோக்களையும் முன்பே இறக்கி வைப்பேன். கட்டளைகளுக்கான கையேடு லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 'மேன்' என்று அடித்து இடைவெளி விட்டுக் கட்டளையின் பெயரை அடித்தால் வரும், 'கியூ' அழுத்தினால் மூடும். இணையமே வேண்டாம். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சங்க அலுவலகத்தில் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் இரண்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு லேப்டாப்போடு வாருங்கள், சார்ஜரை மறக்காதீர்கள். வேண்டாம் என்று ஒதுக்கியதை என்னிடம் கொடுங்கள். உங்கள் கண் முன்னாலேயே டிஸ்க்கை அழித்துவிட்டுத்தான் எடுத்துப் போவேன்.